கொலை விசாரணை எஸ்கேப் ரூம்: பூட்டெல்லாம் திறந்தும் குற்றவாளியைக் கோட்டைவிடுவது ஏன்?

கேள்வி: முகில்77

வணக்கம். அடுத்த சனிக்கிழமை ஆபீஸிலிருந்து ஆறு பேர் ஒரு கொலை விசாரணை எஸ்கேப் ரூமுக்குப் போகிறோம். க்ளூக்களைத் தேடிப் பூட்டுகளைத் திறந்து நேரத்துக்குள் வெளியே வர வேண்டிய 60 நிமிட ஆட்டம். 1970-களின் எஸ்டேட் பங்களா, முதலாளி படிப்பறையில் இறந்து கிடக்கிறார், நான்கு பேர் மேல் சந்தேகம். கதவைத் திறந்தால் மட்டும் போதாது, கொலையாளி யார் என்றும் சொல்ல வேண்டுமாம். ஒரே ஒரு வாய்ப்புதான்.

எங்களில் இருவர் புதையல், சிறை மாதிரியான அறைகளில் விளையாடியிருக்கிறார்கள். மற்ற நால்வருக்கும் இதுதான் முதல் முறை. ஒருவருக்கு மூடிய இடம் என்றால் படபடப்பு. இன்னொருவருக்கு ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது, க்ளூ எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்குமாம்.

இந்த வகை அறையைப் பற்றி இணையத்தில் படித்தால் எல்லோரும் ஒரே மாதிரிப் புலம்புகிறார்கள்: பூட்டு எல்லாம் திறந்துவிட்டோம், கடைசியில் ஆளைத் தவறாகச் சொல்லிவிட்டோம் என்று. இது ஏன் நடக்கிறது? ஆட்களை எப்படிப் பிரிப்பது, ஹின்ட் எப்போது கேட்பது? கதையைச் சொல்லிவிடாமல் விளக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பூட்டுச்சாவி

முகில், காரணம் ஒன்றுதான். மற்ற அறைகளில் ஒரு க்ளூவுக்கு ஒரு வேலை. அது ஒரு பூட்டைத் திறந்ததும் அதை ஓரம் கட்டிவிடலாம். கொலை அறையில் காகிதத்துக்கு இரண்டு வேலை. ஒரு ரயில் டிக்கெட்டில் இருக்கும் எண் மேஜை டிராயரைத் திறக்கும். அதே டிக்கெட்டில் இருக்கும் நேரம் ஒருவரின் பொய்யை உடைக்கும். புதையல் அறைப் பழக்கத்தில் டிராயர் திறந்ததும் டிக்கெட்டை மூலையில் போட்டுவிடுவார்கள். 50-வது நிமிடத்தில் அதைத் தேட ஆள் இருக்காது.

அதனால் உள்ளே போனதும் இரண்டு இடம் ஒதுக்குங்கள். சக்கரம், காந்தம், மரத்துண்டு இவையெல்லாம் வேலை முடிந்ததும் ஒரு இடத்துக்கு. சாவியைத் திறந்த பூட்டிலேயே விட்டுவிடுங்கள், பெரும்பாலான அறைகளில் ஒரு சாவி ஒரு பூட்டுக்குத்தான். எழுத்து இருக்கும் எதுவும், படம் இருக்கும் எதுவும், திறந்தாலும் திறக்காவிட்டாலும் வழக்கு மேஜைக்குப் போக வேண்டும். அந்த மேஜைக்கு ஒருவர் பொறுப்பு. அவர் கடைசிவரை பூட்டுப் பக்கமே போகக் கூடாது.

ஆறு பேரைப் பிரிப்பது: முதல் ஐந்து நிமிடம் ஐந்து பேரும் தேடட்டும், ஆளுக்கு ஒரு சுவர் வீதம் நான்கு பேர், நடுவில் உள்ள மேஜை நாற்காலிக்கு ஒருவர். ஆறாவது ஆள் வழக்கு மேஜை. தேடுவது என்றால் கண்ணால் பார்ப்பது அல்ல. டிராயரை முழுதாக வெளியே இழுத்து அடிப்பக்கம் பாருங்கள், கோட்டுப் பையில் கை விடுங்கள், புத்தகத்தை விரித்து உதறுங்கள், விரிப்பின் ஓரத்தைத் தூக்குங்கள், படச் சட்டத்தின் பின்னால் பாருங்கள். கிடைத்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "நாலு எழுத்துப் பூட்டு, அலமாரி இடப்பக்கம்", "சிவப்பு நாடா கட்டிய சாவி". முணுமுணுப்பதால் போகும் நேரம்தான் அதிகம். தேடல் முடிந்ததும் தேடிய ஐவரும் இருவர், மூவராகப் பிரிந்துவிடுங்கள். ஒரே பூட்டைச் சுற்றி நாலு பேர் நின்றால் இருவர் சும்மா நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

பூட்டைப் பார்த்த பிறகு க்ளூவைப் பாருங்கள், மாற்றி அல்ல. எத்தனை இலக்கம், எண்ணா, எழுத்தா, திசையா என்பது தெரிந்தால் எந்தக் காகிதம் அதற்குப் பொருந்தும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பூட்டில் நடக்கும் தவறுகள்:

எண் சக்கரப் பூட்டில் எண்களை எந்தக் கோட்டுக்கு நேராக வைக்க வேண்டும் என்று பாருங்கள். நடுவில்தான் என்று நினைத்துக்கொள்வார்கள், கோடு ஓரத்தில் இருக்கும். சரியான எண் போட்டும் திறக்காததற்கு முதல் காரணம் இதுதான். பூட்டின் கம்பி வளைவை இழுத்துப் பிடித்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பாதீர்கள், சக்கரம் பாதியில் நிற்கும். எண்ணை வைத்துவிட்டுப் பிறகு இழுங்கள்.

மேல், கீழ், இடம், வலம் என்று நகர்த்தும் திசைப் பூட்டில் பழைய அசைவுகள் நினைவில் இருக்கும். புதிதாகப் போடும் முன் வளைவை உள்ளே இரண்டு முறை நன்றாக அழுத்தி அழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் சரியான விடையை ஐந்து முறை போட்டாலும் திறக்காது.

எழுத்துப் பூட்டில் ஒவ்வொரு சக்கரத்திலும் 26 எழுத்து இருக்காது, வழக்கமாக 10தான் இருக்கும். நீங்கள் நினைக்கும் சொல்லின் முதல் எழுத்து முதல் சக்கரத்தில் இல்லையென்றால் அந்தச் சொல் தவறு, அடுத்ததுக்குப் போங்கள்.

பள்ளி லாக்கர் மாதிரி வட்ட டயல் பூட்டு என்றால்: வலப்பக்கம் மூன்று சுற்று சுற்றி முதல் எண்ணில் நிறுத்துங்கள். இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று, முதல் எண்ணைத் தாண்டி இரண்டாம் எண். மீண்டும் வலம், நேராக மூன்றாம் எண். ஒரு கோடு தாண்டினாலும் முதலிலிருந்துதான்.

1970-கள் என்று சொன்னதால் ஒன்று. விரல் விட்டுச் சுழற்றும் டெலிபோன் இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணில் விரல் வைத்துத் தடுப்பு வரை சுழற்றி, விரலை எடுத்துவிட வேண்டும். தட்டு தானாகத் திரும்பி வரும்போதுதான் துடிப்புகள் எண்ணப்படுகின்றன. கையால் தள்ளித் திருப்பினால் எண் மாறிப்போகும். முன் பின் தொடாதவர்கள் நிறையப் பேர் பொத்தானைப் போல விரலால் அழுத்துகிறார்கள்.

கணக்கும் தெரிந்திருக்கட்டும். நாலு இலக்கத்தில் மூன்று உறுதி, ஒன்று தெரியாது என்றால் 10 முயற்சிதான், சுழற்றிப் பார்த்துவிடுங்கள். நாலு வேறு எண்களும் தெரிந்து வரிசை மட்டும் தெரியாவிட்டால் 24 வழி, இரண்டு நிமிடத்தில் முடியும். எதுவுமே தெரியாமல் 10,000-ஐத் தொடாதீர்கள்.

பதில்: அறைத்தச்சன்

அறை கட்டும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பூட்டுச்சாவி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மற்ற அறையில் 10 முயற்சி, 24 முயற்சி என்று சுழற்றித் திறப்பது லாபம். கொலை அறையில் அது நஷ்டமாகவும் முடியும். அந்த நாலாவது இலக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒரு வாக்குமூலத்திலிருந்தோ டைரியிலிருந்தோ வரும். அதை நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எண்ணை அங்கே வைத்திருக்கிறோம். சுழற்றித் திறந்தால் பூட்டைத் தாண்டிவிடுவீர்கள், அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டீர்கள். சுழற்றித் திறந்த பூட்டுகளை வழக்கு மேஜைக்காரர் குறித்து வைத்து, அதன் க்ளூவைப் பின்னால் தேடிப் படிக்க வேண்டும். ஹோட்டல் அறைகளில் இருப்பது மாதிரியான டிஜிட்டல் பாதுகாப்புப் பெட்டி என்றால் சுழற்றல் வேலையே கிடையாது; பல பெட்டிகள் மூன்று தவறான முயற்சிக்குப் பிறகு சிறிது நேரம் எந்த எண்ணையும் ஏற்காது. அந்தப் பெட்டியில் எண் சரியாக விழுந்து பச்சை விளக்கு வந்ததும் சில விநாடிக்குள் குமிழைத் திருப்பிவிட வேண்டும். விளக்கைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு நின்றால் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

இனி மின்சாதனங்கள். ஒரு பொருளை ஒரு தட்டில் வைத்தால் எங்கோ ஒரு கதவு திறக்கிறது என்றால், பொருளின் அடியில் ஆர்எஃப்ஐடி சில்லு (ரேடியோ அலையால் தன்னை அடையாளம் காட்டும் சில்லு), தட்டின் அடியில் அதைப் படிக்கும் கருவி. 13.56 மெகாஹெர்ட்ஸ் வகைதான் பரவலாக இருக்கிறது; எட்டுவது சில சென்டிமீட்டர்தான். பொருளைச் சாய்த்தோ அந்தரத்தில் பிடித்தோ வைத்தால் படிக்காது. சமமாக வைத்து மூன்று விநாடி கையை எடுங்கள். நான்கு பொருளை நான்கு தட்டில் வைக்க வேண்டியிருந்து எதுவும் நடக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். அருகில் கத்தி, கைவிலங்கு போன்ற இரும்புச் சாமான் கிடந்தால் தள்ளி வையுங்கள், உலோகம் அலையைக் கெடுக்கும்.

கதவுகளில் பெரும்பாலும் 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் காந்தப் பூட்டு. மின்சாரம் இருக்கும்வரைதான் அது பிடிக்கும், மின்சாரம் போனால் விட்டுவிடும். விடும்போது "டக்" என்று சின்னச் சத்தம் வரும், கதவு தானாக விரியாது. சத்தம் கேட்டும் எங்கே என்று தெரியாமல் ஐந்து நிமிடம் சுற்றும் குழுக்கள் உண்டு. ஒரு புதிர் முடிந்ததும் ஒரு விநாடி எல்லோரும் அமைதியாக இருங்கள், பிறகு எல்லாக் கதவையும் அலமாரியையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். விடாத கதவை உடம்பைக் கொடுத்து இழுக்காதீர்கள். இரண்டு விரல் பலத்துக்கு மேல் கேட்கும் எதுவும் ஆட்டத்தில் கிடையாது. திருகினால் முரண்டு பிடிக்கும் சாவி அந்தப் பூட்டின் சாவி அல்ல. உள்ளே முறிந்தால் ஆட்டம் அதோடு நின்றுவிடும்.

யூவி (புற ஊதா) டார்ச் கிடைத்தால் விளக்கை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள், சாதாரண வெளிச்சத்தில் தெரியாத மை இருட்டில்தான் தெளிவாகத் தெரியும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காகிதம் எல்லாமே நீலமாக ஒளிரும். துணி சோப்பிலும் காகிதத்திலும் வெளுப்பேற்றும் ரசாயனம் இருப்பதால்தான் அது, க்ளூ அல்ல. எழுத்து, அம்பு, எண் என்று வடிவம் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று: அறையில் இரத்தக் கறை யூவி வெளிச்சத்தில் பளபளக்கும். உண்மையில் காய்ந்த இரத்தம் யூவியை உறிஞ்சிக் கருப்பாகத்தான் தெரியும். ஒளிர வைப்பது லூமினால் என்ற வேறு ரசாயனம். அது இரத்தத்திலுள்ள இரும்போடு வினைபுரிந்து அரை நிமிட அளவுக்கு நீல ஒளி தரும், அதற்கு டார்ச்சே வேண்டாம். இது தெரிந்தவர்கள் "இது இரத்தமே இல்லை, பெயின்ட், யாரோ ஜோடித்திருக்கிறார்கள்" என்று கதையை வேறு திசைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அறைக்குள் ஒளிரும் கறையை இரத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: தடயக்குறிப்பு

வழக்கு மேஜையில் உட்காருபவருக்காக இது. காகிதமும் பேனாவும் உள்ளே கொடுக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போகச் சொல்வார்கள். உள்ளே போனதும் ஒரு கட்டம் போடுங்கள். நான்கு சந்தேக நபருக்கு நான்கு வரி. குறுக்கே மூன்று பத்தி: கொல்லக் காரணம் இருந்ததா, ஆயுதம் கைக்கு எட்டியதா, அந்த நேரத்தில் அங்கே இருக்க முடிந்ததா. புதிய காகிதம் வரும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் டிக் அல்லது பெருக்கல் குறி. கூடவே அந்தக் குறி எந்தக் காகிதத்தால் வந்தது என்று ஒரு சொல்.

முதல் பத்தியில் ஏமாறாதீர்கள். காரணம் நால்வருக்கும் இருக்கும்படிதான் எழுதுவார்கள்: ஒருவருக்குக் கடன், ஒருவருக்கு உயில், ஒருவருக்குப் பழைய பகை. ஆளை ஒதுக்கித் தருவது மூன்றாவது பத்தி. இறந்த நேரத்தை உறுதி செய்தால் இருவராவது விழுந்துவிடுவார்கள். அதனால் முதல் வேலை, இறந்த நேரம்.

அதை மூன்று விதமாகத் தருவார்கள். ஒன்று, நின்றுபோன கைக்கடிகாரம். அது காலையா மாலையா என்பதைத் தீர்மானிக்க வேறொரு காகிதம் கட்டாயம் இருக்கும். அதைக் காணாமல் 7:20 என்று மட்டும் எழுதாதீர்கள். கண்ணாடியில் தெரியும் கடிகாரப் படம் என்றால் இடவலம் மாறியிருக்கும். இரண்டு, உடல் வெப்பம். மருத்துவர் அறிக்கையில் "31 டிகிரி, இரவு 11 மணி, மணிக்கு 1.5 டிகிரி குறையும்" என்று இருந்தால், இயல்பான உடல் வெப்பமான 37-லிருந்து 31-ஐக் கழித்து 6, அதை 1.5-ஆல் வகுத்து 4 மணி நேரம், ஆகவே மாலை 7 மணி. நிஜத்தில் உடல் இப்படிச் சீராகக் குளிராது, முதல் கொஞ்ச நேரம் வெப்பம் அப்படியே நிற்கும், அறை சூடாக இருந்தால் இன்னும் மெதுவாகும். அந்த அறிவை ஒதுக்கிவிட்டு அறிக்கையில் தந்த வேகத்தையே போடுங்கள். மூன்று, உடல் விறைப்பு. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடை, கழுத்தில் ஆரம்பித்து சுமார் 12 மணி நேரத்தில் முழு உடம்புக்கும் வரும் என்ற பொது விதியைத்தான் பயன்படுத்துவார்கள்.

தேதியில் ஒரு பொறி. 03/04 என்று எழுதியிருந்தால் நமக்கு ஏப்ரல் 3. கதை அமெரிக்காவில் நடந்தால் மார்ச் 4. உங்கள் கதை எஸ்டேட் பங்களா என்பதால் நம் வழக்கம்தான் இருக்கும், ஆனாலும் கடிதம் எங்கிருந்து வந்தது என்று தபால்தலையைப் பாருங்கள்.

கைரேகை அட்டை ஏறத்தாழ எல்லாக் கொலை அறையிலும் உண்டு. கோடு கோடாக ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நடு வடிவத்தைப் பாருங்கள்: கோடுகள் ஒரு பக்கம் நுழைந்து வளைந்து அதே பக்கம் வெளியேறினால் வளையம், சுற்றிச் சுழன்றால் சுழி, மேடு போல ஏறி இறங்கி மறுபக்கம் போனால் வில். சந்தேகம் என்றால் கோடுகள் முக்கோணமாகப் பிரியும் இடங்களை எண்ணுங்கள். பொதுவாக வளையத்துக்கு ஒன்று, சுழிக்கு இரண்டு, சாதாரண வில்லுக்கு ஒன்றும் இருக்காது. இதிலேயே நால்வரில் இருவர் கழிந்துவிடுவார்கள்.

கொஞ்சம் கடினமான அறை என்றால் பத்து விரல் அட்டை கொடுத்து ஒரு எண் கேட்பார்கள். அது ஹென்றி முறை. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது பயன்பட்ட முறை. அதன் கணக்கை உருவாக்கிக் கொடுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல்துறை ஊழியர்கள். பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையதாகிவிட்டது, அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். கணக்கு இப்படி: வலது கட்டைவிரல் 1, வலது சுண்டுவிரல் 5, இடது கட்டைவிரல் 6, இடது சுண்டுவிரல் 10. சுழி இருக்கும் விரலுக்கு மட்டும் மதிப்பு. 1, 2-க்கு 16. 3, 4-க்கு 8. 5, 6-க்கு 4. 7, 8-க்கு 2. 9, 10-க்கு 1. இரட்டை எண் விரல்களின் கூட்டலோடு 1 சேர்த்தால் மேல் எண், ஒற்றை எண் விரல்களின் கூட்டலோடு 1 சேர்த்தால் கீழ் எண். வலது ஆள்காட்டியிலும் நடுவிரலிலும் மட்டும் சுழி என்றால் மேலே 17, கீழே 9. நாலு இலக்கப் பூட்டுக்கு 1709. விதியை அறையிலேயே எங்காவது ஒட்டியிருப்பார்கள், ஆனால் 1 கூட்டுவதை மறந்து 1608 போடுவதுதான் வழக்கமான பிழை.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பூட்டுக்கும் எண் தராத காகிதம் ஒன்று மேஜையில் மிஞ்சினால் அதைத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் அது வழக்குக்காகவே வைத்த காகிதம். மருந்துச் சீட்டு, சலவைக் கணக்கு, இடது கையால் தேநீர்க் கோப்பை பிடித்திருக்கும் புகைப்படம் மாதிரியானவை.

ஹின்ட்: ஐந்து நிமிடமாகப் புதிதாக எதுவும் திறக்கவும் இல்லை, கட்டத்தில் புதிய குறியும் விழவில்லை என்றால் கேளுங்கள். "ஹின்ட் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததையே சொல்வார்கள். "டெலிபோனில் 4 எண் போட்டோம், பதில் இல்லை, எண் தவறா வரிசை தவறா" என்று கேளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை ஆளைத் தீர்மானிக்க ஒதுக்கி, 50-வது நிமிடத்தில் ஆறு பேரும் மேஜைக்கு வந்துவிட வேண்டும். கட்டத்தை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும், மற்றவர்கள் மறுக்கட்டும். கை தூக்கி ஓட்டெடுப்பு வேண்டாம், சத்தமாகப் பேசுபவர் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆங்கிலம் வேகமாக வராத நண்பருக்குத் தேடல், டார்ச், கைரேகை, பூட்டு எல்லாமே தோதான வேலை. ஒலிநாடா இருந்தால் மட்டும் ஆங்கிலம் நன்றாக வருபவர் ஒருவர் தனியாகக் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும், இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள்.

பதில்: அவசரவழி

படபடப்பு உள்ள நண்பரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. புக் செய்த இடத்துக்கு இன்றே போன் செய்து நாலு கேள்வி கேளுங்கள். ஆட்டத்தின்போது நுழைந்த கதவு பூட்டியிருக்குமா? உள்ளிருந்து நாமே திறக்கும் பச்சைப் பொத்தான் இருக்கிறதா, அது எங்கே? கண்காணிப்பவர் கேமரா வழியாக எந்நேரமும் பார்க்கிறாரா? கைவிலங்கு போட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறார்களா? கடைசிக் கேள்வி குற்ற அறைகளுக்கே உரியது. விலங்கு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. போட்டாலும் சாவி இல்லாமல் தட்டித் திறக்கும் சின்ன நெம்பு உள்ள வகையாக இருக்க வேண்டும்.

பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் இறந்தார்கள். ஒருவரின் பிறந்தநாளைக் கொண்டாடப் போனவர்கள். எரிவாயுச் சூடேற்றி இருந்த பக்கம் தீ பிடித்தது, உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேற அவசர வழி இல்லை. அதன் பிறகு அந்நாட்டில் இத்தகைய அறைகளைச் சோதித்துப் பலவற்றை மூடினார்கள். பூட்டாத கதவோடும் ஆட்டம் நன்றாகவே நடக்கும். ஆட்டத்தின் சுவை க்ளூவில் இருக்கிறது, அடைபடுவதில் இல்லை.

உள்ளே போனதும் பொத்தானை அந்த நண்பரே ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். அவருக்கு வழக்கு மேஜை வேலையைக் கொடுங்கள், கதவுக்குப் பக்கத்தில் மேஜை போட முடிந்தால் இன்னும் நல்லது. இரகசிய வழியாகத் தவழ்ந்து போகும் பகுதி உண்டா என்றும் கேளுங்கள், பங்களாக் கதைகளில் அலமாரிக்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போவது சகஜம்.

முகில்77

எல்லோருக்கும் நன்றி. போன் செய்தேன். கதவு பூட்டுவதில்லை, பொத்தான் கதவின் வலப்பக்கம், விலங்கு இல்லை, ஒரு தாழ்வான வழி உண்டு ஆனால் குனிந்தால் போதும் என்றார்கள். வழக்கு மேஜையை அந்த நண்பரே ஏற்றுக்கொண்டார். ஒரு சந்தேகம்: இரண்டாவது அறை திறந்த பிறகு மேஜையை அங்கே மாற்றுவதா, முதல் அறையிலேயே விடுவதா?

தடயக்குறிப்பு

முதல் அறையிலேயே விடுங்கள். காகிதங்களை இடம் மாற்றும்போதுதான் தொலையும். இரண்டாவது அறையில் கிடைப்பதை ஒருவர் கொண்டுவந்து மேஜையில் சேர்க்கட்டும், கொண்டுவரும்போது எங்கே கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பூட்டிய அலமாரிக்குள் கிடைத்த கடிதத்துக்கும் குப்பைக் கூடையில் கிடைத்த கடிதத்துக்கும் வழக்கில் வேறு வேறு பொருள்: ஒன்றை யாரோ காப்பாற்ற நினைத்தார்கள், மற்றதை அழிக்க நினைத்தார்கள். இரண்டாவது அறை திறந்ததும் முதல் அறையில் திறக்காத பூட்டு எத்தனை என்று எண்ணி நண்பரிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். அவற்றின் சாவி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.